‘ஆஸ்’ இல்லாத வாக்கியம்

ஒரே ஒரு வாக்கியம்தான். எழுந்து போய் மைக்கைப் பிடித்து அதைச் சொல்லிவிட்டுப் பூச்செண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. ‘மிஸ்டர் ஞானதிரவியம், பெட்டர் நோன் டு அஸ் ஆஸ் அண்ணாச்சி.’ காலையில் பல் தேய்க்கும்போது நன்றாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் பார்த்தபோதும் நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து சீட்டு அம்மாள் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இப்போது ஆபீஸ் மாடி ஹாலில், காகித ரிப்பன் கட்டிய மேடைக்கு எதிரில், சுற்றுகிற மாதிரி பாவனை செய்கிற மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது அதே வாக்கியம் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி இருக்கிறது. எந்த வார்த்தை உறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். மிஸ்டர் இல்லை. பெட்டர் இல்லை. நோன் இல்லை. கடைசி வார்த்தைதான். தமிழ் வார்த்தைதான் உறுத்துகிறது. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கு இல்லை. ‘டு அஸ்’ என்று சொன்னால் அதில் நானும் உண்டு. நான் பொய் சொன்னதாகும். கப்பல் ஏஜென்சியில் டாக்குமென்ட் செக்‌ஷனில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு எழுத்தில் ஒரு பொய் போனால் தூக்கம் வராது.

இதற்கெல்லாம் காரணம் தத்தா. கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர். தமிழில் அவருக்கு வணக்கமும் வடையும் மட்டும் தெரியும். அவருக்குப் புரிய வேண்டும் என்று பிரிவுபசார விழாவே இங்கிலீஷில் நடக்கிறது, தூத்துக்குடியில், ஓய்வு பெறுகிறவருக்கே பாதி புரியாத பாஷையில். ‘மிஸ் கனி, யூ நோ ஹிம் லாங்கஸ்ட், யூ மஸ்ட் ஸ்பீக்’ என்று தத்தா போன வாரம் என் மேஜைக்கே வந்து சொன்னார். சுயம்புக்கனி என்கிற முழுப் பேர் அவர் வாயில் நுழையவில்லை, பின்பாதியை மட்டும் இறக்கிக்கொண்டார். லாங்கஸ்ட் தெரியும், சரி. அதிகம் தெரியும் என்பதும் அதிக நாளாகத் தெரியும் என்பதும் ஒன்றா? கம்பெனி வாட்ச்மேனையும் அதே காலமாகத்தான் தெரியும். வாட்ச்மேனைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் இந்நேரம் பேசி முடித்து சமோசா தின்றிருப்பேன்.

மேடையில் லாரி யூனியன்காரர் பேசுகிறார். ‘குட் ஈவினிங் சார்’ என்று ஆரம்பித்து அதோடு இங்கிலீஷுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தமிழில் இறங்கிவிட்டார், புண்ணியவான். “எங்க டிரைவர் பயலுவளுக்கெல்லாம் அவிய பேரு ஈரத்துண்டுதான். அந்த வெயில்ல தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு கப்பலுக்குக் கீழ நின்னாவன்னா நாங்க வண்டிய ஒழுங்கா ரிவர்ஸ் எடுத்துருவோம்.” எல்லாரும் சிரிக்கிறார்கள். தத்தாவும் சிரிக்கிறார், ஏன் என்று தெரியாமல். நடு நாற்காலியில், கப்பலடியில் நின்று சரக்கை இறக்கி ஏற்றுகிற எங்கள் வார்ஃப் சூப்பர்வைசர், மாலையும் கழுத்துமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். மாலையை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று தெரியாமல் அதைக் கிரேனில் தொங்குகிற சரக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். கிரேன்காரர்களுக்கு அவர் சங்கு. இங்கே கத்தினால் மூன்றாவது பெர்த்தில் நிற்கிற கப்பலில் கேட்கும். கஸ்டம்ஸில் திரவியம் சார். ஊர்ச் சர்ச்சில் ஞானப்பா. ஒரே ஆளை ஆளாளுக்குப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்ன மிச்சம் என்று பார்த்தால் ஒரு ‘இங்க பாருங்க’வும் ஒரு ‘சொல்லுங்க’வும்.

நானும் முதலில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். ஊரே கூப்பிடுகிறதே. ‘அண்ணாச்சி, கப்பல் சரக்கு மேனிஃபெஸ்ட் வந்திருக்கு.’ ‘அண்ணாச்சி, பெட்டி எண்ணிக்கை இடிக்குது.’ அவர் மனைவி இறந்த துஷ்டி வீட்டுக்குப் போய் ‘மனசத் தேத்திக்கிடுங்க அண்ணாச்சி’ என்றுகூடச் சொன்னேன், வார்த்தை பிசிறில்லாமல் வந்தது. அதற்கு ரொம்ப நாள் கழித்து ஒரு மழைநாள். ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். அவர் எங்கிருந்தோ இரண்டு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டார். ஒன்றில் நான் ஏறியதும் மற்றதை எடுத்து முன்னால் போடுவது, நான் அதில் ஏறியதும் பின்னதை எடுத்து முன்னால் போடுவது என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். சரக்கு நனையக் கூடாது என்பது மட்டும்தான் முகத்தில் இருந்தது. பஸ் ஏறி ஜன்னல் வழியாக நன்றி சொல்ல வாயைத் திறக்கிறேன், அண்ணாச்சி வரவில்லை. தொண்டையில் இருக்கிறது, நாக்குக்கு வரவில்லை. ‘இங்க பாருங்க’ என்றேன். அவர் பார்த்தார். பஸ் கிளம்பிவிட்டது. மறுநாளிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை. அவரும் கவனித்திருப்பார் போல. ‘கனி மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ‘கேட்டியளா’வுக்கு இறங்கிவிட்டார். வார்ஃபிலிருந்து போன் வரும். ‘நான்தான்’ என்பார். ‘சொல்லுங்க’ என்பேன். பக்கத்து மேஜை சகாயராணி ஒரு நாள், “யாருக்கா அது, பேரே இல்லாம ஒரு ஆளு டெய்லி போன் பண்ணுதாவ?” என்று கேட்டாள். “வார்ஃப்” என்றேன். துறைமுகமே எனக்குப் போன் செய்கிற மாதிரி.

சரி, அண்ணாச்சியை எடுத்துவிடுவோம். ‘ஹி இஸ் ஃபெமிலியர் டு மீ’ என்று வைத்தால்? ஹாஸ்டலில் இங்கிலீஷ் எடுத்த சிஸ்டர் ஞாபகத்துக்கு வருகிறாள். ரோடு உனக்கு ஃபெமிலியர் டு. நீ ரோட்டோடு ஃபெமிலியர் வித். ரோடு உன்னோடு ஃபெமிலியர் வித் ஆக முடியாது, ரோட்டுக்கு மூளை இல்லை. ஆனால் ஓர் ஆம்பிளை உன்னோடு ஃபெமிலியர் ஆனால் உடனே வார்டனிடம் வந்து சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி எந்தக் கிராமர் புத்தகத்தில் இருந்தது என்று அப்போதே யாரும் கேட்கவில்லை. அன்று பதிந்தது பதிந்ததுதான். ஃபெமிலியர் என்று யாராவது சொன்னாலே எனக்கு வார்டன் அறைக் கதவு தெரியும். மைக்கில் நின்று ‘டு’வுக்குப் பதிலாக ‘வித்’ என்று வாய் தவறினால் என்ன ஆகும்? தத்தா புருவத்தைத் தூக்குவார். சகாயராணி சமோசாவைக் கீழே வைப்பாள். நாளைக்கு இதே வாக்கியம் பஸ் ஏறி, கல்யாணம் ஆகாமல் நான் தங்கிவிட்ட அண்ணன் வீட்டுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேரும். மைனி அரிசி களைந்துகொண்டே, “ஆபீஸ்ல என்னமோ இங்கிலீஷ்ல பேசினியளாமே” என்பாள். அண்ணன் பேப்பருக்குப் பின்னால் இருமுவார். இந்த வயதில் தலைக்கு டை அடிப்பதையே மைனி ஒரு செய்தியாக வாசிக்கிறாள்.

தமிழ் மட்டும் வாழ்கிறதா? ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்றால் கலெக்டரைக்கூடத் தெரியும். ‘பழக்கம்’ என்றால் முடிந்தது கதை. ‘அவனுக்கும் அவளுக்கும் பழக்கம்’ என்று ஊர் சொல்லும்போது குரல் கீழே போகும், இங்கிலீஷ் ‘வித்’தை விட மோசம். ‘வேண்டியவர்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நல்ல வார்த்தைதான், பிரித்துப் பார்த்தால் பயமாக இருக்கும், வேண்டும் என்று நினைக்கப்பட்டவர். ஆனால் அதைக் கஸ்டம்ஸ் கௌண்டரில் நின்று தேய்த்துவிட்டார்கள். ‘இவரு நமக்கு வேண்டியவரு, கொஞ்சம் பாத்து முடிச்சு விடுங்க.’ எனக்குப் பழகின இங்கிலீஷ் கப்பல் இங்கிலீஷ்தான். பெட்டியைத் திறந்து பார்க்காமலே ரசீது அடிக்க வேண்டும் என்றால் ‘செட் டு கன்டெய்ன்’ என்று போடுவோம். உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை, வேறு ஏதாவது இருந்தால் எங்களைக் கேட்காதே. மற்றவர்கள் அவரைப் பற்றி இன்று பேசுவதெல்லாம் செட் டு கன்டெய்ன். நான் கொஞ்சம் திறந்து பார்த்திருக்கிறேன். துறைமுகத்திலேயே வயதாகிப்போனவருக்கு நீச்சல் தெரியாது. வெளியே நங்கூரம் போட்ட கப்பலுக்கு லாஞ்சுப் படகில் போகும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம், பார்க்கிறவர்கள் ஜெபம் என்று நினைப்பார்களாம். என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, ‘மேனேஜருக்குத் தெரியாண்டாம்’ என்றார். வெள்ளிக்கிழமை நான் சைவம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மீன் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிடுவார். அங்கே காக்காவோடு சண்டை போடுகிற சத்தம் டாக்குமென்ட் செக்‌ஷன் வரைக்கும் கேட்கும். பாதி மீன் காக்காவுக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. மாடியில் காக்கா வந்து பார்த்துவிட்டுப் போகும்.

இதை நினைக்காமல் இருக்கத்தான் ஒரு வாரமாக வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தேனோ. ஆபீஸ் இருக்கும்வரை ஒன்றுக்கும் பேர் தேவைப்படவில்லை. மேனிஃபெஸ்ட் இருந்தது, எண்ணிக்கை இடித்தது, போன் அடித்தது. நாளைக்குப் போன் அடித்தால் ‘நான்தான்’ என்று சொல்ல முடியாது. வார்ஃப் என்று நான் சொல்ல முடியாது. எதற்காகப் பேசுகிறோம் என்று ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு பேர் வேண்டும். பேர் இல்லாத சரக்கைக் குடோனில் எத்தனை நாள் வைப்பார்கள்?

யாரோ கை தட்டுகிறார்கள். அக்கவுன்டன்ட் சங்கரலிங்கம் மைக்குக்குப் போகிறார். ஐயோ, இவரா. இங்கிலீஷ் தப்பு கண்டுபிடிப்பதற்காகவே பிறந்தவர். சாயங்காலத்திலிருந்து பேனரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஃபேர்வெல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதாம், பேனா கிடைத்தால் ஏறிப் போட்டுவிடுவேன் என்று சகாயராணியிடம் சொன்னார். மைக்கைச் சரிசெய்கிறார். மைக் கீச்சிடுகிறது. “மிஸ்டர் ஞானதிரவியம்,” என்கிறார், நிறுத்துகிறார், “பெட்டர் நோன் டு தி கிரேன் ஆபரேட்டர்ஸ் ஆஸ் சங்கு.” என் வாக்கியம். என் வாக்கியத்தை எடுத்துவிட்டார். “பெட்டர் நோன் டு தி லாரி டிரைவர்ஸ் ஆஸ் ஈரத்துண்டு.” தத்தா தலையாட்டுகிறார், இவர் நிறுத்தமாட்டார், எனக்குத் தெரியும், இன்னும் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள் சார், உங்கள் பேனரில் எழுத்தைப் போய்ப் போடுங்கள், “அண்ட் பெட்டர் நோன் டு ஆல் அவர் லேடீஸ்,” என்று எங்கள் பக்கம் கையை நீட்டுகிறார், “இன்க்ளூடிங் அவர் மிஸ் கனி, ஆஸ் அண்ணாச்சி. தட் இஸ், சார், எல்டர் பிரதர்.”

எல்டர் பிரதர். இங்கிலீஷில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, கல்கத்தா வரைக்கும் அனுப்பிவைத்துவிட்டார். தத்தா என்னைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரிக்கிறார், தங்கச்சியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. லேடீஸ் எல்லாம் கை தட்டுகிறார்கள். நான் தட்டவில்லை. கை மடியிலேயே இருக்கிறது. நிமிர்ந்து நடு நாற்காலியைப் பார்க்கிறேன். அவர் சிரிக்கவில்லை. மாலையிலிருந்து ஒரு சம்பங்கியைப் பிய்த்து விரலில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்க்கிறார். பெட்டி உடைந்து வந்தால் இப்படித்தான் பார்ப்பார். கத்தமாட்டார். ரொம்ப நேரம் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சங்கரலிங்கம் சார் மேல் இல்லை, அவர் கிராமர் சரி. எல்லாருக்கும் ஓர் ‘ஆஸ்’ இருக்கிறது, எனக்கும் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார், யாருடைய சட்டையையோ. நான் இப்போது போய் ஒன்றும் சொல்லாமல் பூச்செண்டைக் கொடுத்துவிட்டு வந்தால் அதுவே நிலைத்துவிடும். கப்பல் போன பிறகு ரசீதைத் திருத்த முடியாது.

“மிஸ் கனி, ப்ளீஸ்.”

எழுந்திருக்கும்போது நாற்காலி புடவையைப் பிடித்துக்கொள்கிறது. சகாயராணி விடுவிக்கிறாள். “நல்லாப் பேசுங்கக்கா.” மேடையின் மரப்பலகை காலுக்கடியில் அசைகிறது. மைக் என் உயரத்துக்கு இல்லை, சங்கரலிங்கம் உயரத்துக்கு இருக்கிறது. நான் அதைப் பார்த்து அண்ணாந்து பேச வேண்டும், கூரையில் இருக்கும் பல்லியிடம் பேசுகிற மாதிரி. ரெஸ்பெக்டட் மேனேஜர் சார் என்றேன். டியர் கலீக்ஸ் என்றேன். அதற்கு மேல் தயாரித்தது எல்லாம் போய்விட்டது. வாயில் இருந்தது ஒன்றுதான்.

“மிஸ்டர் ஞானதிரவியம் இஸ் நோன் டு ஆல் ஆஃப் யூ,” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். “டு மீ, ஹி இஸ் பெட்டர் நோன்.”

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி. கூட்டம் இன்னும் வரும் என்று காத்திருக்கிறது. முதல் வரிசையில் சங்கரலிங்கம் முன்னால் சாய்ந்து, பிள்ளைக்குப் பாடம் எடுத்துக்கொடுக்கிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்து, “ஆஸ்… ஆஸ்…” என்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. தத்தா நல்ல மனிதர், உதவி செய்ய நினைக்கிறார். “பெட்டர் நோன் ஆஸ் வாட், மிஸ் கனி? ஆஸ் பிரதர்?”

“நோ சார்,” என்றேன்.

வார்த்தை மைக்கில் பெரிதாகக் கேட்டது. சகாயராணி சமோசாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் நினைத்த மாதிரியே, ஆனால் முகத்தில் நான் நினைத்தது இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தத்தா இன்னும் காத்திருக்கிறார். “தென் ஆஸ் வாட்?”

“தட் ஹி ஹேஸ் டு சே, சார்.”

இதைச் சொன்னது நான்தானா? நான்தான். எல்லார் தலையும் நடு நாற்காலிக்குத் திரும்பியது. அவர் மெல்ல எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது. கேப்டன்களிடம் கையாலும் சத்தத்தாலும் பேசியே இத்தனை வருஷம் ஓட்டியவர். தொண்டையைச் செருமினார். தத்தாவைப் பார்த்து, “சார்,” என்றார். “ஆஃப்டர் டீ, ஐ வில் டெல்.”

ஹாலே சிரித்தது. லாரி யூனியன்காரர் பெஞ்சைத் தட்டினார். தத்தாவும் சிரித்தார், இந்தத் தடவை ஏன் என்று தெரிந்துதான் சிரித்தார் என்று எனக்குத் தோன்றியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, பூச்செண்டு இன்னும் என் கையிலேயே இருப்பது மட்டும் தெரிந்தது. கொடுக்க மறந்துவிட்டேன். கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். விரல் படவில்லை. பட்டிருந்தால் என்ன என்று நினைத்தேன். அதை நினைத்ததற்கு வார்டன் வரவில்லை.

டீ நேரம் முழுக்க என்னைச் சுற்றிப் பெரிய இடம் விட்டு எல்லாரும் நின்றார்கள், புதுப் பெயின்ட் அடித்த கம்பத்துக்கு விடுகிற மாதிரி. சங்கரலிங்கம் மட்டும் வந்தார். அவருக்கு அந்த இடமெல்லாம் தெரியாது. “மேடம், தப்பா நினைக்காதிய. பெட்டர் நோன்னு சொன்னா ஆஸ் போட்டே ஆகணும். உங்களுக்கு அது விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல சார்.”

“போடாம விட்டியளா? அப்போ சென்டன்ஸ் முடியலையே.”

“ஆமா சார், முடியல.”

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே பின்னால் பார்த்தார், அவருக்குப் பின்னால் ஞானதிரவியம் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தார். சங்கரலிங்கத்துக்கு எதுவோ புரிந்துவிட்டது, பேனரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இவர் ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினார். பாலாடையை எடுத்துவிட்டிருந்தார். எனக்கு ஆடை பிடிக்காது. யார் சொன்னது இவருக்கு? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோம். கீழே ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் கண் தானாக அதன் பின்சக்கரத்துக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது.

“வாற சனிக்கிழமை உங்க அண்ணன் வீட்டுல இருப்பாவளா?”

“இருப்பாவ. எதுக்கு?”

“ஒரு விஷயம் பேசணும்.”

எனக்குக் கோபம் திரும்ப வந்தது. அண்ணனிடம் பேசப்போகிறாராம். பெட்டி யாருடையது, ரசீது யார் பேருக்கு? “அண்ணன்கிட்டப் பேசுறதுக்கு முன்னால எங்கிட்டப் பேச வேண்டாமா?”

“அதத்தான் இப்பப் பேசிட்டிருக்கேன்,” என்றார். டீயைப் பார்த்தார். “இங்கிலீஷ்லதான் வரலன்னு நெனச்சேன். தமிழ்லயும் வரல. ரெண்டு வருஷமா தெனமும் சாயங்காலம் உங்க செக்‌ஷன் வாசல்ல வந்து நின்னுட்டு, கேட்டியளான்னு சொல்லிட்டுப் போயிருவேன். எம்மவகிட்டச் சொல்லிட்டேன். அவதான், எங்கிட்டச் சொல்லி என்னப்பா, அவங்ககிட்டச் சொல்லுங்கன்னா.”

மகளுக்குத் தெரியும். மகளுக்கு எந்தப் பேரில் தெரியும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் கோவில் வேறு என் கோவில் வேறு. மைனி அரிசியைக் களைந்துகொண்டே இருப்பாள். அண்ணன் இருமுவார், பிறகு பேப்பரை மடித்து வைப்பார். இந்த வயசில் எதற்கு என்று ஒருவராவது கேட்பார்கள், நானே கேட்டுக்கொள்ளாததா, பஸ்ஸில், குளியலறையில், மேனிஃபெஸ்ட் நடுவில். பதில் வராதபோதும் கேள்வி சலிக்கவில்லை. டிரெய்லர் நேராக வந்து நின்றுவிட்டது. அவர் இன்னும் பதிலுக்காக நிற்கிறார், டீயைக் குடிக்காமல்.

“எத்தன மணிக்கு வாரிய?” என்று கேட்டேன்.

“மத்தியானத்துக்கு மேல வரட்டுமா?”

“மத்தியானமே வாங்க,” என்றேன். “சாப்பிட்டுட்டு வராதிய.”